"தொடரும்" என்று போட்டவர்கள் தொடர வேண்டாமா?

வாரப் பத்திரிகை வாங்கிய வீடுகளில் "தொடரும்" என்ற சொல்லுக்கு ஒரு தெளிவான அர்த்தம் இருந்தது. அடுத்த வாரம், இதே கிழமை, இதே கடை, மீதி அங்கே இருக்கும். கதாநாயகி இருட்டில் நடந்து போவாள், பின்னால் காலடிச் சத்தம் கேட்கும், திரும்பிப் பார்ப்பாள்... தொடரும். படித்தவர்கள் எழுத்தாளரை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் புத்தகத்தை மூடுவார்கள். அந்தத் திட்டில் கோபம் பாதி, சந்தோஷம் பாதி. ஏழு நாள்தானே!

கம்ப்யூட்டர் கேம் செய்கிறவர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கிழமையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இதில் பெரிய உதாரணம் எது என்று கேம் ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1998ல் வால்வ் நிறுவனம் ஹாஃப் லைஃப் என்று ஒரு கேம் வெளியிட்டது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் 2000களில் பள்ளி, கல்லூரிப் பையன்கள் மணிக்கணக்கு போட்டுச் சுட்டுத் தள்ளிய கவுண்டர் ஸ்ட்ரைக் இருக்கிறதே, அது இந்த ஹாஃப் லைஃபின் மேல் ரசிகர்கள் கட்டிய ஒரு மாடிதான். மாடியில் குடியிருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கீழ் வீட்டில் ஒரு கதை ஓடுவதே தெரியாது, அது வேறு விஷயம் :-)

இரண்டாம் பாகம் வர ஆறு வருடம் ஆயிற்று. 2004 நவம்பரில் வந்தது. இவ்வளவு நேரம் எடுத்தால் கட்டாது என்று நினைத்த வால்வ் ஒரு யோசனை சொன்னது. இனி பெரிய கேமாகச் செய்யாமல், கதையைச் சின்னச் சின்ன எபிசோடாக வெட்டி, சீக்கிரம் சீக்கிரம் தருவது. மொத்தம் மூன்று எபிசோட். முதலாவது 2006 ஜூனில் வந்தது. இரண்டாவது 2007 அக்டோபரில். மூன்றாவது 2007 கிறிஸ்துமசுக்குள் வரும் என்று முதலில் சொன்னார்கள்.

இரண்டாவது எபிசோட் முடியும் இடம் சாதாரண இடம் இல்லை. கதாநாயகியின் அப்பா அவள் கண் முன்னால் கொல்லப்படுகிறார். அவள் அழுகிறாள். திரை இருண்டுவிடுகிறது. அடுத்து ஆர்க்டிக் பனியில் ஒரு மர்மக் கப்பலைத் தேடிப் போக வேண்டும், ஆயத்தம் எல்லாம் ஆகிவிட்டது. அவ்வளவுதான். அந்தக் கப்பலுக்கு யாரும் போகவே இல்லை.

தாமதத்துக்கு மருந்தாகக் கண்டுபிடித்த முறையே கடைசியில் நோயைவிட மோசமாயிற்று. ஆறு வருடம் அதிகம் என்று சொன்னவர்கள், அதற்குப் பிறகு வருடக்கணக்கில் வாயே திறக்கவில்லை. "வராது" என்றும் சொல்லவில்லை, "வரும்" என்றும் சொல்லவில்லை. கதை எழுதிய மார்க் லெய்ட்லா 2016ல் வேலையை விட்டு வந்தார். 2017 ஆகஸ்டில், பெயர்களையும் ஆண் பெண்ணையும் மாற்றிப்போட்டு, அந்த மூன்றாவது எபிசோட் இப்படிப் போயிருக்கலாம் என்று ஒரு கடித வடிவில் வெளியிட்டார். பத்து வருடம் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு கதைச் சுருக்கம். 2020ல் ஹாஃப் லைஃப் அலிக்ஸ் வந்து அந்த மரணக் காட்சிக்குத் திரும்பி வந்தது. ஆனால் அதை ஆடத் தலையில் மாட்டுகிற கருவி வேண்டும். நல்ல கம்ப்யூட்டருக்கே அப்பாவிடம் மூன்று செமஸ்டர் கெஞ்ச வேண்டிய வீடுகளில் அந்தக் கருவியைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது.

ஏன் செய்யவில்லை என்ற விளக்கம் 2024 நவம்பரில், இரண்டாம் பாகத்தின் இருபதாம் ஆண்டு ஆவணப்படத்தில் வந்தது. வால்வின் தலைவர் கேப் நியூவெல் சொன்னதன் சாரம்: புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், கதையை நகர்த்துவதற்காக மட்டும் ஒரு கேம் செய்வது ஆடுகிறவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையிலிருந்து நழுவுவது. நல்ல பதில்தான். கலைஞன் பேசுகிற பேச்சு. ஆனால் இதே வாக்கியத்தை 2009ல் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? காத்திருந்தவர்களில் கோபப்பட்டவர்கள் கோபப்பட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். "என்ன பெரிய விஷயம்? முதல் எபிசோடுக்குக் காசு கொடுத்தாய், முதல் எபிசோட் கிடைத்தது. இரண்டுக்குக் கொடுத்தாய், இரண்டு கிடைத்தது. மூன்றுக்கு நீ இன்னும் காசே கொடுக்கவில்லையே, எந்த உரிமையில் கேட்கிறாய்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது தனிக் கேமுக்குச் சரி. ஒரு கேம் முடிந்துவிட்டது, இன்னொன்று வந்தால் நன்றாயிருக்கும் என்று ரசிகன் ஆசைப்படுவது வெறும் ஆசை, அதற்கு யாரும் பொறுப்பில்லை. எபிசோட் அப்படி இல்லை. கதையை எந்த இடத்தில் வெட்டினால் ஆடுகிறவனுக்குத் தூக்கம் வராதோ அந்த இடம் பார்த்து வெட்டுகிறார்கள். அந்த வெட்டுதான் அடுத்ததற்கு விளம்பரம். மூன்று என்று எண்ணிக்கை சொல்லித்தான் ஒன்றை விற்றார்கள். சீட்டுக் கம்பெனி மாதிரி யோசித்துப் பாருங்கள். முதல் மாதத் தவணை வாங்கிக்கொண்டு, "மீதி மாதம் பற்றி நாங்கள் ஒன்றும் எழுதித் தரவில்லையே" என்றால் மேற்கு தாம்பரத்தில் எந்தக் கடையிலும் அடுத்த நாள் ஷட்டர் திறக்க முடியாது.

அதனால் கோபம் நியாயம்தான். எதன் மேல் கோபம் என்பதில்தான் ரசிகர்கள் அடிக்கடி குழம்பிப் போகிறார்கள். தாமதத்தின் மேல் கோபப்படுகிறார்கள். உண்மையில் வலிப்பது தாமதம் இல்லை.

இதற்கு ஆதாரம் தமிழிலேயே நிறைய இருக்கிறது. பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கி 1954 மே வரை வந்தது. மூன்றரை வருடம்! இன்றைக்கு ஐந்து பாகத்தையும் லீவில் பத்து நாளில் முடிக்கிறவர்களுக்கு அந்த மூன்றரை வருடம் எப்படிப் போயிருக்கும் என்று கற்பனைகூடச் செய்ய முடியாது. கதை முடிந்தபோது திடீரென்று முடித்துவிட்டார் என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி அதைக் கண்டுகொள்ளாமல் போகவில்லை, முடிவுரை எழுதிப் பாத்திரங்களுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று விளக்கம் சொன்னார். கேட்டார்கள், பதில் வந்தது. அவ்வளவுதான் வேண்டியது.

அதைவிட முக்கியமான கதை அமரதாரா. அதைத் தொடராக எழுதிக்கொண்டிருக்கும்போதே 1954 டிசம்பரில் கல்கி இறந்துபோனார். இதைவிடப் பெரிய காரணம் ஒரு தொடர் நிற்பதற்கு இருக்க முடியாது. வாசகர் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனாலும் அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை முடித்தார். எழுதியவரே போன பிறகும் "தொடரும்" என்ற சொல்லுக்கு மரியாதை இருந்தது. வால்வில் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

சுஜாதாவுக்கு வேறு மாதிரி நேர்ந்தது. குமுதத்தில் அவர் எழுதிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' எதிர்ப்பு வந்து பாதியில் நின்றது. பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று திரும்பி வந்தது. நின்றதற்குக் காரணம் வாசகனுக்குத் தெரியும், அதனால் அங்கே மர்மம் எதுவும் மிச்சமில்லை.

கேம் ரசிகர்களின் அவஸ்தைக்கு ரொம்ப நெருக்கமான தமிழ் அவஸ்தை ஒன்று உண்டு. காமிக்ஸ் படிப்பவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ். முத்து 1972ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. லயன் 1984 ஜூலையில். லயனில்தான் 'இரத்தப் படலம்' வந்தது. பிரெஞ்சு மொழியில் ஜான் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த 13ஆம் எண்காரனின் கதை. கடற்கரையில் ஒதுங்கிய ஒருவன், பழைய ஞாபகம் எதுவும் இல்லை, கழுத்துக்குக் கீழே ரோம எண்ணில் 13 என்று பச்சை குத்தியிருக்கிறது, அமெரிக்க ஜனாதிபதியைச் சுட்டவன் அவன்தான் என்று ஊரே துரத்துகிறது. யார் அவன்? ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பெயர் கிடைக்கும், அடுத்த பாகத்தில் அது பொய் என்று ஆகும். மூலக் கதையே 1984ல் தொடங்கி 2007ல்தான் முடிந்தது. அதைத் தமிழில் பாகம் பாகமாகப் படித்தவன் நிலையை யோசியுங்கள். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தவன் கல்யாணம் ஆகிக் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போதும் அந்த ஆள் யார் என்று தெரியாது.

2000களில் இந்தக் காமிக்ஸ்கள் வருவதே நிச்சயமில்லாமல் போயிற்று. "விரைவில்" என்ற விளம்பரங்களில் 'விரைவு' என்பதற்குத் தமிழ் அகராதியில் இல்லாத அர்த்தம் இருந்தது. மாதா மாதம் கடைக்குப் போய், "வந்துச்சாண்ணே?" என்று கேட்டு, "இன்னும் வரலப்பா" என்ற பதிலோடு திரும்புவது ஒரு தலைமுறையின் அனுபவம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் விஜயன் தாமதத்தை மறைத்து எழுதியவர் இல்லை. திட்டு வாங்கிக்கொண்டே வாசகர்களோடு பேசிக்கொண்டிருந்தார். 2010ல் இரத்தப் படலத்தின் 18 பாகங்கள் ஒரே கறுப்பு வெள்ளைக் குண்டுப் புத்தகமாக வந்தன. 2012ல் 'கம்பேக் ஸ்பெஷல்' போட்டு லயன் திரும்பி எழுந்தது. 2018ல் இரத்தப் படலம் வண்ணத்திலும் வந்தது.

2012க்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. வருடத்துக்கு என்னென்ன இதழ் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டு, சந்தா வாங்கி, அதன்படி அச்சடிக்கும் முறைக்கு மாறினார்கள். விலை ஏறியது. பழைய மலிவு நியூஸ்பிரிண்ட் போய்ப் பளபளத் தாள் வந்தது. இருந்தும் பழைய வாசகர்கள் காசு கட்டினார்கள். பத்து ரூபாய்க்குக் கிடைத்தபோது புலம்பியவர்களே நூற்றுக்கணக்கில் முன்பணம் கட்டினார்கள் என்றால், அவர்கள் வாங்கியது தாளை மட்டும் இல்லை. தேதியையும் சேர்த்து.

இந்த இரத்தப் படலத்துக்கும் கேமுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. 2003ல் உபிசாஃப்ட் இதே 13ஐ கேமாக வெளியிட்டது. படக்கதைக் கட்டங்கள், எழுத்தாகவே தெறிக்கிற துப்பாக்கிச் சத்தம் என்று பார்க்க அசத்தலான கேம். முதல் ஐந்து பாகத்தை வைத்துச் செய்தார்கள். கடைசியில் பெரிய வில்லன் யார் என்று தெரிகிற இடத்தில் "தொடரும்" போட்டு நிறுத்தினார்கள். தொடரவே இல்லை. 2020ல் அதையே புதுப்பித்து வேறொரு நிறுவனம் வெளியிட்டது, அது பழையதைவிட மோசம் என்று வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆக, உலகத்தின் பெரிய கேம் கம்பெனிகளில் ஒன்று பாதியில் விட்ட கதையை, சிவகாசியில் ஒரு சின்ன அச்சகம் முடித்து வைத்திருக்கிறது. ஆனானப்பட்ட உபிசாஃப்ட்! தமிழ் வாசகர்கள் இதற்குக் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

சினிமாக்காரர்கள்கூட இதைக் கற்றுக்கொண்டார்கள். 2015 ஜூலையில் கட்டப்பா ஏன் குத்தினான் என்று சொல்லாமல் பாகுபலியை நிறுத்தினார்கள். 2017 ஏப்ரல் வரை இருபத்தொரு மாதம் இந்தியாவே அதைக் கேட்டுச் சிரித்தது. யாரும் கடுப்பாகவில்லை. வருகிறது என்று தெரியும், அதனால் காத்திருப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது. பொன்னியின் செல்வன் படத்தின் இரண்டு பாகத்துக்கும் நடுவே ஏழே மாதம்தான். அதில் புலம்ப நேரமே இல்லை.

சரி, ரசிகர்கள் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். எல்லாத் தப்பும் எதிர்ப்பக்கம் இல்லை.

டெல்டேல் என்று ஒரு நிறுவனம். எபிசோட் முறையையே தொழிலாக வைத்திருந்தார்கள். 2006 அக்டோபரில் சாம் அண்ட் மேக்ஸ் ஆரம்பித்து 2007 ஏப்ரலுக்குள் ஆறு எபிசோட் கொடுத்தார்கள். சொன்ன மாதிரியே கொடுத்ததால் "பார்த்தீர்களா, முடியும்" என்று எல்லோரும் காட்டிய நிறுவனம் அது. 2012ல் வாக்கிங் டெட் வந்து பெரிய பெயர் வாங்கியது. அதில் எபிசோடுகளுக்கு நடுவே இரண்டு மாதம்கூட ஆயிற்று. 2013 அக்டோபரில் வுல்ஃப் அமாங் அஸ் முதல் எபிசோட் வந்தது. அடுத்தது 2014 பிப்ரவரியில். ரசிகர்கள் கொதித்தார்கள். நிறுவனமோ ஒரே நேரத்தில் மேலும் மேலும் தொடர்களை ஒப்புக்கொண்டே போனது. உள்ளே வேலை செய்தவர்கள் ராத்திரி பகல் இல்லாமல் உழைத்த கதை பிறகுதான் வெளியே வந்தது.

2018 செப்டம்பரில் ஒரே நாளில் சுமார் 250 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது கையில் இழப்பீடு எதுவும் கொடுக்கவில்லை. வாக்கிங் டெட் கடைசித் தொடரின் நாலு எபிசோடுக்கும் சேர்த்து முன்பே காசு வாங்கியிருந்தார்கள், வந்திருந்தது ஒன்று, இரண்டாவது வரவிருந்தது. அப்போது ரசிகர்களில் ஒரு கூட்டம் போட்ட சத்தம் "என் மூன்றாவது எபிசோட் எங்கே?" என்பதுதான். அந்த எபிசோடைச் செய்ய வேண்டியவன் அந்த மாத வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்று நின்றுகொண்டிருந்தான். பணம் கொடுத்தவன் கேட்பது நியாயம். ஆனால் யாரைக் கேட்பது? முன்பணம் வாங்கிய முதலாளியைக் கேட்க வேண்டிய கேள்வியை, கதை எழுதியவர்கள், படம் வரைந்தவர்கள் முகத்தில் வீசினார்கள். வேலை போன ஒருத்தரிடம் போய் "சாமான் எப்போ டெலிவரி?" என்று கேட்கிற மனசு எப்படி வரும்? ஐடி கம்பெனிகள் ஆட்குறைப்பு செய்யும்போது அதன் வலியை ஓஎம்ஆர் பக்கம் வேலைக்குப் போகிற அண்ணன், அக்காவைப் பார்த்துத் தெரிந்துகொண்ட ஊர் இது. நாம் அந்தக் கூட்டத்தில் சேரக் கூடாது.

அந்தத் தொடரை ஸ்கைபவுண்ட் நிறுவனம் எடுத்து, பழைய ஆட்களில் சிலரையே வேலைக்கு வைத்து, 2019 மார்ச்சில் முடித்துக் கொடுத்தது. இங்கேயும் ஒரு ஆனந்தி இருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்தனை ஏமாற்றத்துக்குப் பிறகு இன்றைய மாணவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: "முழுசா வரட்டும் மச்சி, அப்புறம் வாங்கலாம்." ஸ்டீமில் 2015க்குப் பிறகு ரூபாய் விலை வந்து, தள்ளுபடி நேரத்தில் மொத்தத் தொடரும் பாதிக்கும் கீழே கிடைக்கும்போது யார்தான் முதல் எபிசோடுக்கு முழு விலை கொடுப்பார்கள்? கணக்குப்படி புத்திசாலித்தனம். ஆனால் எல்லோரும் இப்படி உட்கார்ந்துவிட்டால் முதல் எபிசோட் விற்காது. முதலாவது விற்காவிட்டால் இரண்டாவதைச் செய்யக் காசு இருக்காது. சின் எபிசோட்ஸ் என்று ஒன்பது பாகமாகத் திட்டமிட்ட கேம் 2006ல் முதல் பாகத்தோடு மூச்சை விட்டது. இரத்தப் படலத்தின் குண்டுப் புத்தகம் 2010ல் வந்தது என்றால், அதற்குமுன் தனித்தனிப் பாகத்தை அழுக்குத் தாளில் காசு கொடுத்து வாங்கியவர்கள் இருந்தார்கள். காத்திருந்தவனுக்குக் கிடைத்த முழுப் புத்தகம், காத்திருக்காமல் வாங்கியவன் போட்ட பிச்சை. கொஞ்சம் கடுமையான வார்த்தைதான், ஆனால் அதுதான் கணக்கு.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் குவியலுக்குள் சுற்றுகிறவர்களுக்கு ஒரு காட்சி பழக்கம். அட்டை கிழிந்த தொடர்கதைப் புத்தகம், இரண்டாம் பாகம் மட்டும். எங்கோ ஒரு வீட்டில் ஒன்றும் மூன்றும் தனியாகக் கிடக்கும். முடியாத எபிசோட் கேமுக்கு இந்தக் கதிகூடக் கிடையாது. தேடினால் கிடைக்காமல் போகலாம் என்பது வேறு, செய்யவே இல்லை என்பது வேறு.

நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லாமல் விட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும். கென்டக்கி ரூட் ஸீரோ என்ற கேமை மூன்று பேர் சேர்ந்து செய்தார்கள். ஐந்து அங்கம். முதலாவது 2013 ஜனவரியில், கடைசி 2020 ஜனவரியில். ஏழு வருடம்! நடுவே குட்டிக் குட்டி இடைக்கதைகளை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், கடையைப் பூட்டவில்லை என்று காட்டுகிற மாதிரி. தமிழில் ஜெயமோகன் 2014 ஜனவரி 1 அன்று வெண்முரசு தொடங்கி, நாளொரு அத்தியாயமாக 26 நாவல் எழுதி, 2020 ஜூலையில் முடித்தார். ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விடுவார், சொல்லிவிட்டு விடுவார். தாம்பரத்தில் காலை லோக்கலுக்கு நிற்கும்போது அன்றைய அத்தியாயத்தைப் போனில் படித்தவர்களுக்கு அது பால் பாக்கெட் மாதிரி. அவரைப் பிடிக்காதவர்கள்கூட அந்த ஒழுங்கைக் குறை சொல்ல முடியாது.

டோபி ஃபாக்ஸ் என்பவரின் டெல்டாரூன் இன்னொரு வழி. முதல் அத்தியாயம் 2018ல், இரண்டாவது 2021ல், இரண்டுமே இலவசம். இனி வருவதற்குக் காசு உண்டு, ஆனால் இப்போது வாங்க ஒன்றும் இல்லை, காத்திருங்கள் என்றார். நடுநடுவே எந்த வேலை எங்கே நிற்கிறது, தன் கை வலியால் எது தாமதம் என்று கடிதம் மாதிரி எழுதிச் சொல்லிக்கொண்டிருந்தார். 2025 ஜூனில் மூன்றும் நான்கும் சேர்ந்து வந்த பிறகுதான் முதல் முறையாகக் காசு கேட்டார். அந்த விலைக்குள்ளேயே பின்னால் வரும் அத்தியாயங்களும் அடக்கம். முதல் அத்தியாயத்தைப் பிளஸ் ஒன்னில் ஆடியவர்கள் டிகிரி முடித்து வேலைக்குப் போய், சொந்தச் சம்பளத்தில் அதை வாங்கினார்கள்.